இடது செருப்பின் நுனி

மூன்று வாரத்தில் மூன்று முறை பல் டாக்டர் தன் வீட்டுத் தோட்டத்துப் பாதையில் விழுந்தாள். மூன்று முறையும் காலையில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது. அதே பாதை, அதே செருப்பு. நாள் முழுக்க நாற்காலி ஓரமாக நின்று வேலை பார்த்த கால்களோடு சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு தடவைகூட விழவில்லை. தூங்கி எழுந்த கால் தடுக்குகிறது, களைத்துப் போன கால் தடுக்கவில்லை. இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

முதல் முறை முழங்கால் சிராய்த்தது. இரண்டாம் முறை மூக்குக் கண்ணாடி போயிற்று. மூன்றாம் முறை வலது மணிக்கட்டு. கண்ணாடியை வாங்கிவிடலாம். பல் பிடுங்குகிறவளுக்கு மணிக்கட்டு போனால் என்ன செய்வது? கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கூடம் முழுக்க அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் இந்த வீட்டை விட்டுப் போகிறாள். அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான்.

"விழுந்ததுக்காக நான் உங்களைக் கூப்பிடலை," என்றாள். "இந்தத் தோட்டத்தைப் போட்டுக் குடுத்த டிசைனரைக் கண்டுபிடிக்கணும். போறதுக்கு முன்னாடி அவங்க முகத்தைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் தலையாட்டினார். ஊரில் அவரை மாஸ்டர் என்பார்கள். இருபது வருடம் தையல்காரராக இருந்தவர். ஒரே மாதத்தில் இரண்டு வேறு இடுப்பளவில் தனக்கென்று கால்சட்டை தைக்கக் கொடுத்த ஓர் ஆசாமியைப் பற்றி யோசிக்கப் போய், அந்த ஆள் ஒருவர் அல்ல இருவர் என்று கண்டுபிடித்து, கடையைப் பூட்டிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். இன்ச் டேப் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

அவருடைய உதவியாளர் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"என்ன கேள்வி டாக்டர்? எங்களுக்கு மட்டும் சொல்லுங்க, கசியாது."

"நாலு சாயங்காலம் என் எதிர்ல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டீங்களே, அப்புறம் ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு."

அது உண்மை. ஒரு வீட்டுக்குத் தோட்டம் போட ஆள் வைப்பது என்றால் நாலு செடி வாங்கி நடுவது என்றுதான் டாக்டரும் நினைத்திருந்தாள். வந்தவள் செடியைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் எழுந்ததும் எந்த ஜன்னலைத் திறப்பீங்க, டீ எங்கே நின்று குடிப்பீங்க, யார் மேலேயாவது கோபம் வந்தால் வீட்டில் எந்த மூலைக்குப் போவீங்க என்று கேட்டாள். வெயில் எந்த மணிக்கு எந்தச் சுவரைத் தொடுகிறது என்று குறித்தாள். கடைசியில் தன் செடிப் பண்ணைக்கு வரச் சொல்லி, ஈர மணல் பரப்பின் மேல் மூன்று முறை நடக்க விட்டாள். பாதைக் கல்லை எவ்வளவு இடைவெளியில் பதிப்பது என்பது அந்த வீட்டுக்காரர் கால் எட்டி வைக்கும் தூரத்தைப் பொறுத்தது. அதைக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, மணல்தான் சொல்லும் என்றாள். யாரும் டாக்டரைப் பற்றி இவ்வளவு கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள்.

பிறகு பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போய்த் திரும்பி வந்தபோது தோட்டம் தயாராக இருந்தது. கூட நின்று பார்த்துக்கொண்டது அண்ணன். பாதை அவள் நினைத்த மாதிரி இல்லை. கல் பெஞ்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. கலைஞர்கள் கடைசி நிமிஷத்தில் ஏதாவது மாற்றுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்றாள். முதல் முறை விழுந்த பிறகு, விழுந்ததைச் சொல்லாமல், பெஞ்சு ஏன் திரும்பியிருக்கிறது என்று மட்டும் கேட்டுச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. போன் செய்தாள். எடுக்கவில்லை. பண்ணையையே காலி பண்ணிவிட்டுப் போய்விட்டாள் என்று அண்ணன் விசாரித்துச் சொன்னான்.

"அந்தச் செருப்பைக் குடுங்க," என்றார் மாஸ்டர்.

"எதுக்கு?"

"குடுத்துடுங்க டாக்டர்," என்றாள் ரேடியோ. "இல்லேன்னா சட்டைக்கு அளவெடுக்க ஆரம்பிச்சுடுவார்."

மாஸ்டர் இரண்டு செருப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முன்பக்கம் மூடின தோல் செருப்பு. வலதின் நுனி புதுசு மாதிரி இருந்தது. இடதின் நுனியில் தோல் உரிந்து, உள்ளே இருந்த வெள்ளை தெரிந்தது.

"மூணு தடவையும் இடது கால்தான் தடுக்கியிருக்கு. விழற இடமும் ஒரே இடமா?"

"இல்லை. ஒரு தடவை வாசப்படி கிட்ட, ஒரு தடவை நடுவுல, ஒரு தடவை கேட் கிட்ட."

"அப்போ இது ஒரு கல்லோட கோளாறு இல்ல. வாங்க, பாதைகிட்டயே கேப்போம்."

*

முன் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பன்னிரண்டு மீட்டர். பாதை இரண்டு வரிசையாக இருந்தது. கேட்டிலிருந்து வீட்டைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் வட்டக் கற்கள். வலப்பக்கம் நீளமான கல் பலகைகள், ஒன்றை ஒன்று தொட்டபடி பதினாறு. இடப்பக்க ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி கூடவே வந்தது. கொடி ஏற்றுவதற்கு என்று அண்ணன் சொல்லியிருந்தான். மூன்று வாரமாக அதன் மேல் எந்தக் கொடியும் ஏறவில்லை.

மாஸ்டர் கேட் அருகே மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு பலகையின் மேல் படுக்க வைத்தார். ஒரு நீளக் குச்சியால் அதை வீட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். தீப்பெட்டி ஒரு பலகையைத் தாண்டி அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு, தடங்கலே இல்லாமல் ஓடிற்று. பதினாறையும் கடந்து வாசற்படியில் போய் இடித்தது.

"இப்போ நீ அங்கேருந்து இங்கே தள்ளு."

ரேடியோ தள்ளினாள். முதல் பலகை முடியும் இடத்திலேயே தீப்பெட்டி முட்டிக்கொண்டு நின்றது. தூக்கி அடுத்ததில் வைத்துத் தள்ளினாள். அங்கேயும் முட்டிற்று. கேட் வரைக்கும் ஒவ்வொன்றிலும் முட்டிற்று.

"என்ன மாஸ்டர் இது, தீப்பெட்டிக்கு வீட்டை விட்டுப் போக மனசே இல்லையா?"

மாஸ்டர் தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். டாக்டரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு பலகைகூட மட்டமாக இல்லை. ஒவ்வொன்றும் வீட்டைப் பார்த்து லேசாக ஏறியது. ஏறி முடிகிற இடத்தில் அடுத்த பலகை ஒரு படி இறங்கி ஆரம்பித்தது. படி என்றால் பெரிய படி இல்லை, எட்டு மில்லிமீட்டர்.

"வெல்வெட் துணி தெரியுமா டாக்டர்? ஒரு பக்கமா தடவினா கை வழுக்கிட்டுப் போகும். எதிர்ப் பக்கமா தடவினா இழை எழுந்து மறிக்கும். அதனால வெல்வெட்டை வெட்டும்போது எல்லாத் துண்டையும் ஒரே திசையில வெட்டணும். இந்தப் பாதை வெல்வெட். கேட்டிலிருந்து உள்ளே வந்தா ஒவ்வொரு கல்லு முடிவிலயும் கால் கீழேதான் இறங்கும், முட்டாது. உள்ளேருந்து வெளியே போனா ஒவ்வொரு கல்லும் ஒரு குட்டிச் சுவரைத் தூக்கிக் காட்டும்."

"எட்டு மில்லிமீட்டர் சுவரா? அதுல போய் ஒரு மனுஷி விழுவாளா?"

"நடக்கும்போது காலை நாம எவ்வளவு தூக்கறோம்னு நினைக்கிறீங்க? கால் நுனி தரையிலேருந்து ஒரு விரல் தடிமன் மேலே போனாலே அதிகம். அவசரத்துல அதுலயும் பாதி. உங்களுக்குக் காலைல அவசரம். வெளியே போகும்போது இந்தப் பலகை வரிசை உங்க இடது காலுக்கு வரும். ஆறு நாள் தாண்டும். ஏழாம் நாள் செருப்பு நுனி மாட்டும்."

டாக்டர் அந்தப் பலகைகளையே பார்த்தாள். தன்மேலேயே சந்தேகப்பட்டு, மூளை டாக்டரிடம் போய்ப் படம் எடுக்கக்கூட நேரம் கேட்டிருந்தாள். "தனியா இருக்கறவ, இப்படி அடிக்கடி விழறே, எனக்குத் தூக்கமே வரலை" என்று அண்ணன் சொல்லிச் சொல்லித்தான் அவளை இந்த வீட்டை விட்டுக் கிளப்பியிருந்தான். அவன் இருக்கும் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. ஒரு வருஷம் அங்கே இரு, உடம்பு தேறட்டும் என்றான்.

"அப்போ கல்லு பதிச்ச ஆள் சொதப்பிட்டார்," என்றாள் ரேடியோ. "கேஸ் முடிஞ்சது. டீ போடலாமா?"

"தப்புக்கு ஒழுங்கு கிடையாது ரேடியோ. சொதப்பினவன் ரெண்டு கல்லை இப்படிச் சொதப்புவான், ரெண்டை அப்படிச் சொதப்புவான். பதினாறையும் ஒரே திசையில ஒரே அளவுல சொதப்பறதுக்கு, மட்டம் பாக்கற ரசமட்டம் வேணும். இது வேணும்னே செஞ்ச வேலை."

டாக்டர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "என்னை விழ வைக்கவா?"

"உங்களுக்காக இதைச் செய்யவே இல்லை. இது வேற யாருக்கோ தைச்ச சட்டை, நீங்க போட்டுக்கிட்டுத் தடுக்கி விழறீங்க. யாருக்குன்னு பாப்போம்."

அவர் வட்டக் கற்களையும் பலகைகளையும் அளந்தார். பிறகு ரேடியோவைக் கேட்டில் நிறுத்தினார். இடது காலை வட்டக் கல்லில் வை, வலது காலைத் தூக்காமல் பலகை மேல் இழுத்துக்கொண்டு வா என்றார்.

ரேடியோ இழுத்து இழுத்து நடந்தாள். பாதை அவளைக் கையில் ஏந்திக்கொண்டு வருவதுபோல் கொண்டுவந்து வாசலில் விட்டது. நாலாவது கல்லில் கேலியாக நொண்ட ஆரம்பித்தவள், பத்தாவது கல்லில் கேலியை மறந்துவிட்டாள்.

"மாஸ்டர், இப்படி நடந்தா ஒரு இடத்துலகூட இடிக்கலை."

"ஏன்னா இதுக்குத்தான் அளவெடுத்திருக்கு. வலது கால் இழுக்கற ஆள். வலது கையும் வராது, அதனால கம்பி இடப்பக்கம். கைத்தடியோ கைப்பிடியோ, நின்னா மணிக்கட்டுக்கு வரணும். மணிக்கட்டு உயரம்கிறது ஆளோட உயரத்துல ஏறக்குறைய பாதி. இந்தக் கம்பி தொண்ணூத்தி மூணு சென்டிமீட்டர். ஆறடி ஆள்."

"முதியோர் இல்லம்!" ரேடியோ கையைத் தட்டினாள். "டாக்டரைக் கிளப்பிட்டு வீட்டை முதியோர் இல்லத்துக்குக் குடுக்கப் போறாங்க!"

"இல்லம்னா ரெடிமேட் போடுவாங்க, எல்லாருக்கும் பொருந்தற மாதிரி. இது ஒரே ஒருத்தருக்குத் தைச்சது." மாஸ்டர் கேட்டைப் பார்த்தார், பிறகு வீட்டைப் பார்த்தார். "இன்னொண்ணு பாத்தீங்களா? அந்த ஆள் திரும்பிப் போனா கம்பி அவரோட செத்த கைப் பக்கம் இருக்கும். கல்லு எல்லாம் கால்ல முட்டும். அதாவது இந்தப் பாதைல அவர் உள்ளே வரலாம். வெளியே போக முடியாது. ஒரே ஒரு தடவை நடக்கறதுக்குப் போட்ட பாதை இது."

டாக்டர் உள்ளே போய்த் தோட்டத்து வரைபடத்தை எடுத்து வந்து பிரித்தாள். அதில் இரண்டு வரிசை இல்லை. அறுபத்தைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்தொன்பது கல், அவ்வளவுதான். கம்பி இல்லை. கல் பெஞ்சு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இருந்தது. நிஜத்தில் அது வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வீட்டில் எதை என்று மாஸ்டர் உட்கார்ந்து பார்த்தார். பெஞ்சுக்கு நேர் எதிரே கீழறையின் ஜன்னல். மூடிய கதவு.

"யாரோட ரூம்?"

"அம்மாவோடது. நாலு வருஷமாத் திறக்கலை."

ரேடியோ போய் ஜன்னல் கதவை ஒரு விரலால் தள்ளினாள். கீலில் புதிதாக எண்ணெய் விட்டிருந்தது. சத்தமே இல்லாமல் திறந்தது.

*

பண்ணை காலியாகவில்லை. பைகளில் செடிகள் வரிசையாக நின்றன. பச்சை வலைக்குக் கீழே டிசைனர் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு கைக்கு?"

"நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க," என்றாள் டாக்டர்.

"நானா? எங்கே போவேன், இத்தனை செடியை இடுப்புல கட்டிக்கிட்டா?"

"அப்புறம் ஏன் போனை எடுக்கலை?"

டிசைனர் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "எனக்குப் பொய் சொல்ல வராது டாக்டர். அதனால எடுக்கலை."

மாஸ்டர் அமைதியாகக் கேட்டார். "மணல்ல நடந்தவங்களோட அளவெல்லாம் எதுல எழுதி வைப்பீங்க?"

கொட்டகை ஓரமாக ஓர் அலமாரி இருந்தது. பழுப்புக் காகிதச் சுருள்கள், ஒரு வீட்டுக்கு ஒன்று. மணலில் பதிந்த அடிகளை அப்படியே அளந்து அதில் வரைந்து வைப்பாளாம். டாக்டரின் சுருள் தனியாக இல்லை. அதோடு இன்னொரு சுருளும் சேர்த்துக் கட்டியிருந்தது. டிசைனர் தயங்கிக்கொண்டே அதைப் பலகை மேல் பிரித்தாள். இடது பாதம் முழுதாக, நீளமாக இருந்தது. வலது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு, சறுக்கி இழுத்த கோடு. மேல் ஓரத்தில் டிசைனரின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது.

அப்பா.

டாக்டர் அந்த வார்த்தையைப் படித்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. அவளுக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதினைந்து. இன்னொரு குடும்பத்தோடு இருக்கப் போகிறேன் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனவர். அம்மா கீழறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இந்தக் கேட்டுக்குள் வரக் கூடாது என்று சாகும்வரை அம்மா சொன்னாள். சரி என்று பிள்ளைகள் இரண்டு பேரும்தான் வாக்குக் கொடுத்தார்கள்.

"உங்க அண்ணன்தான் அழைச்சிட்டு வந்தார்," என்றாள் டிசைனர். "நீங்களே கேட்டுக்கிட்டதாச் சொன்னார். இதைப் பத்திப் பேசினா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க, அதனால எல்லாத்தையும் தன்கிட்டயே பேசச் சொன்னார். எனக்குச் சந்தோஷமா இருந்தது டாக்டர். உங்களுக்காகத்தான் செய்யறேன்னு நினைச்சு ராத்திரி பகலா யோசிச்சு அந்தக் கல்லை வெட்டினேன். அப்புறம் பெஞ்சு ஏன் திரும்பியிருக்குன்னு நீங்க செய்தி அனுப்பினீங்க பாருங்க, அப்போதான் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு புரிஞ்சது. அவர்கிட்ட சண்டை போட்டேன். ஒவ்வொரு வாரமும், வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, நானே பக்குவமாச் சொல்லிடறேன்னு கெஞ்சினார்."

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் அந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்."

"போறீங்களா? எங்கே?"

"மூணு தடவை விழுந்தேன். இனிமே தனியா இருக்கக் கூடாதாம்."

டிசைனரின் கை பலகை மேல் அப்படியே நின்றது. டாக்டரின் கட்டைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள்.

"எப்படி விழுவீங்க? நான் முதல் நாளே அவர்கிட்ட சொன்னேனே! இந்தக் கல்லு வெளியே போறப்ப தடுக்கும், டாக்டரைப் புல்லு மேல நடந்து போகச் சொல்லுங்க, மறந்துடாதீங்கன்னு. நடந்து காட்டினேன். அவரும் நடந்து பாத்து, ஆமா தடுக்குதுன்னார்."

டாக்டர் சுருளைத் திரும்பவும் சுற்றினாள். ஒரு கையால் சுற்ற வரவில்லை. காகிதம் விரிந்து விரிந்து வந்தது. யாரும் உதவிக்குப் போகத் துணியவில்லை.

*

திரும்பி வந்தபோது அண்ணன் கூடத்தில் இருந்தான். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம். குனிந்து முடிச்சுப் போடும்போதும் உயரமாகத் தெரிந்தான்.

"எங்கேம்மா போனே? கையை வெச்சுக்கிட்டு அலையாதேன்னு சொன்னா கேக்க மாட்டியே." அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரையும் பார்த்தான். மூன்றாவது ஆள் டிசைனர். கயிறு கையிலிருந்து நழுவிற்று.

"எத்தனை வருஷமா அவரைப் போய்ப் பாக்கறே?" என்றாள் தங்கை.

அவன் பெட்டி மேல் உட்கார்ந்தான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. "பத்து வருஷம்."

"அம்மா இருக்கும்போதேவா?"

"ஆமா."

"அம்மாவுக்கு மருந்து வாங்கப் போறேன்னு போவியே, அப்போவா?"

அவன் தரையில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுற்றினான்.

"அவர் கூட இருந்த அந்தம்மா செத்துட்டாங்க. பசங்க கண்டுக்கலை," என்றான். "அவருக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. ஒரு ரூம்ல தனியாக் கெடக்கறார். என் வீடு மூணாம் மாடி, லிப்ட் கெடையாது. நான் என்ன பண்ணட்டும்? கடைசி காலத்துல அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காரணும்கிறார். வேற ஒண்ணும் கேக்கலை. உன்கிட்ட கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை."

"அது பரவாயில்லை அண்ணா. அது உன் அப்பா, உன் மனசு. பத்து வருஷம் ஒளிச்சியே, அதையும் ஒரு நாள் மறந்துடுவேன்." அவள் குரல் உயரவில்லை. நோயாளியிடம் எந்தப் பல் போகிறது என்று சொல்லும் குரல். "கல்லு தடுக்கும்னு உனக்குத் தெரியும். நான் விழுந்தேன். நீ ஓடி வந்து கையைப் பிடிச்சுத் தூக்கினே. ரெண்டாவது தடவையும் தூக்கினே. மூணாவது தடவை ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதே. ஒரு தடவையாவது, புல்லு மேல நடம்மான்னு சொன்னியா?"

"முதல் தடவை சொல்லத்தான் வந்தேன்..."

"அப்புறம்?"

"நீயே சொன்னே. எனக்கு என்னமோ ஆயிடுச்சு, தனியா இருக்க பயமா இருக்குன்னு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீயா கிளம்பிடுவேன்னு தோணிச்சு. அப்புறம் சொல்ல முடியலை."

கூடத்தில் கயிறு ஒன்று தானாக அவிழ்ந்து பெட்டி மூடி மெல்லத் திறந்துகொண்டது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா போன மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது இந்த அண்ணன்தான். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எங்கே பள்ளம் இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னவன். அந்தப் பையனை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டர்," என்றாள் ரேடியோ மெதுவாக, "இவரை நாலு திட்டு திட்டணும்னா சொல்லுங்க. எனக்குக் கட்டணம் வேண்டாம்."

"வேண்டாம்மா. பெட்டியை மட்டும் பிரிச்சுக் குடு. நான் எங்கேயும் போகலை."

அண்ணன் எழுந்தான். "அப்போ அப்பா?"

டாக்டர் டிசைனரிடம் திரும்பினாள். வரைபடத்தை ஒரு பெட்டியின் மேல் விரித்தாள். பென்சிலை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

"முன் கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் என் பாதை. பத்தொன்பது கல், அறுபத்தஞ்சு சென்டிமீட்டருக்கு ஒண்ணு, மட்டமா. நீங்க முதல்ல போட்ட மாதிரி. எப்போ முடியும்?"

"ரெண்டு நாள்."

"அந்த ஜன்னலுக்கு முன்னாடி யாரும் உக்காரக் கூடாது. அது அம்மாவோட ஜன்னல். பெஞ்சு தொட்டிப் பக்கம் திரும்பட்டும். பக்கத்துச் சந்துல ஒரு சின்ன கேட் இருக்கு, அங்கேருந்து பின்னறை பத்து மீட்டர். அவர் அங்கே இருக்கலாம். பாத்துக்கறதுக்கு இவன் கூட இருக்கணும், ஆள் வெச்சுட்டுப் போகக் கூடாது. நான் பின்பக்கம் வர மாட்டேன். அவங்க முன்பக்கம் வரக் கூடாது."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அந்தப் பதினாறு கல்லையும் அங்கே கொண்டுபோய்ப் பதிச்சுடறேன்," என்றாள் டிசைனர். "கம்பியையும்."

"பதினாறு போதாது. திரும்பிப் போறதுக்கும் ஒரு வரிசை வேணும்."

"அவர் இனிமே எங்கேயும் போக மாட்டார்னு..."

"அப்படித்தான் அம்மாவும் நினைச்சாங்க. அவருக்குப் போகணும்னு தோணினா போகட்டும். என் வீட்டுக் கல்லு அவர் காலைத் தடுத்துதுன்னு இருக்க வேண்டாம்."

டிசைனர் குழம்பினாள். சந்து குறுகல். இரண்டு பாதைக்கு இரண்டு கம்பி நட்டால் நடக்க இடம் இருக்காது என்றாள். மாஸ்டர் கழுத்திலிருந்த இன்ச் டேப்பை உருவிச் சந்தின் நீளத்துக்கு வரைபடத்தின் மேல் நேராக வைத்தார்.

"ரெண்டு கம்பி வேண்டாம். ஒரே கம்பி, சந்துக்கு நடுவுல. அதுக்கு இந்தப் பக்கம் வர்ற வரிசை, கல்லெல்லாம் வீட்டைப் பார்த்து ஏறணும். அந்தப் பக்கம் போற வரிசை, கல்லெல்லாம் கேட்டைப் பார்த்து ஏறணும். உள்ளே வரும்போதும் கம்பி அவரோட இடது கையில இருக்கும். வெளியே போகும்போதும் இடது கையிலதான் இருக்கும்."